ஒரு மாதம் டைப்ரைட்டரில் ஆபீஸ் வேலை பார்த்த அனுபவம்

ஆபீஸ் அலமாரியில் உறை போட்டுக் கிடந்த பழைய கை டைப்ரைட்டரை எடுத்துத் துடைத்து, புது ரிப்பன் மாட்டி, ஒரு மாதம் கடிதம் எல்லாம் அதிலேயே அடித்துப் பார்த்தேன். எந்த கம்பெனி மெஷின் என்பது முக்கியமில்லை, குறைகள் எல்லாக் கை மெஷினுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கவரில் முகவரி அடிக்கவும் அச்சடித்த படிவத்தில் கட்டங்களை நிரப்பவும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கவரை உருளையில் சொருகி, வரிக்கு நேராகத் திருப்பி வைத்து அடித்தால் முடிந்தது. இதே வேலைக்குப் பிரிண்டரில் மூன்று கவரைப் பாழாக்கியிருக்கிறேன். இதில் '1' கீயே கிடையாது, ஆங்கிலச் சின்ன 'எல்'லைத்தான் அடிக்க வேண்டும், தேதி போடுவதற்குள் முதல் வாரம் திணறிவிட்டேன். வேகமாக அடித்தால் இரண்டு எழுத்துக் கம்பிகள் சிக்கிக்கொள்ளும், விரலால் பிரித்துவிட வேண்டும், விரலெல்லாம் மை. அது பழகிவிடும்.

பழகாதது திருத்தம். இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை மூன்று பிரதியாக, நடுவில் கார்பன் வைத்து அடித்தேன். கடைசிப் பத்தியில் ஒரு எழுத்து தப்பு. தாளைக் கொஞ்சம் மேலே ஏற்றி, கார்பன் கீழே ஒட்டாமல் இருக்க ஒவ்வொரு பிரதிக்கும் பின்னால் ஒரு துண்டுக் காகிதம் செருகி, கெட்டி ரப்பரால் மூன்றிலும் தனித்தனியாக அழித்து, தூள் மெஷினுக்குள் விழாமல் ஊதி, மறுபடி அதே இடத்துக்கு உருளையைக் கொண்டுவந்து அடித்தேன். (மெயிலில் 'சிசி' போடுகிறோமே, அந்தக் கார்பன் காப்பிதான் இது.) அப்புறம் மேலதிகாரி படித்துவிட்டு, முதல் பத்தியில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார். சரி, இரண்டு பக்கமும் முதலிலிருந்து.

டைப்ரைட்டர் ஆபீஸை விட்டுப் போனது வேகக் குறைவால் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீ வரிசையே பெரும்பாலும் 1870களில் வந்ததுதான், லேப்டாப்பிலும் அதைத்தானே தட்டுகிறோம்? கம்பிகள் சிக்கிக்கொள்வதையும் 1961-லேயே ஐபிஎம் செலக்ட்ரிக் என்ற மின்சார டைப்ரைட்டர் தீர்த்துவிட்டது: கம்பிகளுக்குப் பதிலாக 88 எழுத்துகள் கொண்ட ஒரு உருண்டை. 1973-இல் வந்த மாடல் தப்பான எழுத்தைத் தாளிலிருந்தே உரித்து எடுத்தது. இவ்வளவு செய்தும் நடுவில் ஒரு வரி நுழைக்க அதனால் முடியவில்லை. திரையில் திருத்திவிட்டுப் பிறகு அச்சடிக்கும் வேர்ட் பிராசசர்கள் 1970களில் வந்தன, 1981-இல் ஐபிஎம் பிசி வந்தது. 1995-இல் டைப்ரைட்டர் கம்பெனியான ஸ்மித் கொரோனா திவால் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது.

கடிதம் எழுத இதை வாங்க நினைத்தால் வேண்டாம், ஐந்துக்கு ஒன்றுதான் தருவேன். கவருக்கும் படிவத்துக்கும் என்றால் தாராளமாக நான்கு. வாங்கும் முன் உருளை ரப்பர் கெட்டித்துப் போயிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் தாள் வழுக்கும், எழுத்து தாளைத் துளைக்கும்.

என்னுடையது இப்போது ஜன்னல் ஓரம் இருக்கிறது, கவர் வேலைக்கு மட்டும். பக்கத்து மேசைக்காரர் போன் பேசும்போது நிறுத்திவிடுகிறேன்.