ஜவுளிக்கடைப் பெண்கள் கவனத்துக்கு: பேறுகால விடுப்பும் ஈ.எஸ்.ஐ. பிடித்தமும்

நெல்லை டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பில் போடும் பிரிவில் வேலை பார்த்தேன். சம்பளம் 12,000 ரூபாய், அதில் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு என்று மாதந்தோறும் 90 ரூபாய் பிடித்தார்கள். சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம் என்பதால், கடை தன் பங்காக 390 ரூபாய் சேர்த்து மொத்தத்தையும் ஈ.எஸ்.ஐ. கழகத்துக்குக் கட்டியிருக்க வேண்டும்.

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு, வளைகாப்புக்குப் பின் கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் விடுப்புக் கேட்டேன். மேலாளர் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டி, “லீவு லெட்டர்தாம்மா, எல்லாரும் போடுததுதான், ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போ” என்றார். வாசித்தால், சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுவதாகவும், கடையிலிருந்து எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்றும் இருந்தது. தேதி மட்டும் நிரப்பப்படவில்லை. “அண்ணாச்சி, இது ராஜினாமால்லா?” என்று கேட்டதற்கு, பிள்ளை பெற்று வந்தபின் புதிதாகச் சேர்த்துக்கொள்வதே கடை வழக்கம் என்றார். எனக்கு முன்னால் பில்லில் இருந்த அக்கா அப்படி எழுதிக் கொடுத்துப் போனவர். அவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. நான் கையெழுத்திட மறுத்து, என் விடுப்புக் கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டேன்.

குழந்தை பிறந்தபின் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்தபோதுதான் பெரிய மோசடி வெளிப்பட்டது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் காப்பீடு பெற்ற பெண்ணுக்கு 26 வாரம் சராசரிக் கூலியைக் கழகமே கொடுக்கும். என் கணக்கில் அது 70,000 ரூபாய்க்கும் மேல். ஆனால் முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) குறைந்தது 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். மாதம் முழுவதும் நின்று வேலை பார்த்த எனக்குச் சில மாதங்களில் நாலைந்து நாள் என்றும், பல மாதங்களில் ஒன்றுமே இல்லை என்றும் கடை கணக்குக் காட்டியிருந்தது. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்பது அங்கே கணக்கு எழுதுபவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஆகவே உண்டாகியிருப்பது தெரிந்தவுடனேயே, உங்கள் காப்பீட்டு எண்ணைக் கொண்டு ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் எந்த மாதத்துக்கு எத்தனை நாள் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். குறைந்திருந்தால் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் படம், வங்கிக் கணக்குப் பக்கம் ஆகியவற்றுடன் கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதலாளி கட்டத் தவறியதால் உதவி கிடைக்காமல் போனால், அதைத் தொழிலாளிக்கு வழங்கிவிட்டு முதலாளியிடம் வசூலிக்கக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. கருச்சிதைவுக்கு 6 வாரமும், கர்ப்பத்தால் வரும் நோய்க்குக் கூடுதலாக ஒரு மாதமும் உண்டு. ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையானால், முதலாளியே அந்த 26 வாரச் சம்பளத்தைத் தர வேண்டும்.

நான் கிளை அலுவலகத்திலும், கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் மனுக் கொடுத்தேன். அதன்பின் கடையிலிருந்து ஆள் வந்து, முன்தேதியிட்டு அந்தத் தாளில் கையெழுத்திட்டால் 15,000 ரூபாய் தருவதாகப் பேசினார்கள். மறுத்துவிட்டேன், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.