“இலவச கால் ஸ்கான்” முகாம்: காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் இப்படியான ஒரு முகாமுக்குப் போன நீரிழிவுக்கார ஐயா ஒருவருக்கு நடந்தது இது. பாதத்தை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் “80 வீதம் அடைப்பு” என்று தாள் ஒன்று அச்சாகி வந்தது. இறுக்கமான ஸ்ரொக்கிங் ஒரு சோடியையும் சூடு பிடிக்கும் மசாஜ் பெட்டியையும் தலையில் கட்டினார்கள். ரசீது இல்லை. பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை, விரலிடுக்கில் இருந்த புண்ணையும் பார்க்கவில்லை. அந்த விரல் பிறகு கறுத்துப்போனது.

தட்டில் பாதத்தை வைத்து நாடி அடைப்பை வீதக்கணக்கில் சொல்ல முடியாது. முதலில் செய்யவேண்டிய சோதனை மிக எளியது. 5 முதல் 10 நிமிடம் படுக்க வைத்து, இரண்டு கைகளிலும் பிரஷர் எடுக்கவேண்டும். பிறகு கணுக்காலுக்கு மேலே பட்டியைக் கட்டி, புறங்காலிலும் உட்கணுவுக்குப் பின்னாலும் ஜெல் பூசி, இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க வைக்கும் டொப்ளர் கருவியை வைக்கவேண்டும். சத்தம் நிற்கும்வரை பட்டியில் காற்றை ஏற்றி, பிறகு இறக்கும்போது சத்தம் திரும்பும் அளவுதான் கால் பிரஷர். அதைக் கையின் கூடிய அளவால் பிரியுங்கள். கை 150, கால் 90 என்றால் 0.6. விடை 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு உண்டு. 1.4க்கு மேலே வந்தாலும் நல்ல கால் என்று நினைக்கவேண்டாம்: நீண்டகால நீரிழிவில் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து பட்டிக்கு அமுங்காது. அவர்களுக்குக் கால் பெருவிரலில் பிரஷர் எடுக்கவேண்டும்.

அந்த ஸ்ரொக்கிங் நாள (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) வீக்கத்துக்கு உரியது. கணுக்கால் பிரஷர் 60க்குக் கீழே இருக்கும் காலில் மாட்டினால், வருகிற கொஞ்ச இரத்தத்தையும் அது நெரித்துவிடும். சூடும் அப்படித்தான். உணர்வு குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது, வெந்த இடம் ஆற இரத்தமும் போதாது. கால் வலிக்கென்று கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள், பாதத்தில் வார்க்க முன் வேறொருவர் கையால் சூடு பார்க்கட்டும்.

கோணேசர் கோயில் ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் சில நிமிடத்தில் விடுகிறதா? அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுங்கள், காசு தேவையில்லை. பெரும்பாலானோருக்குப் புகைத்தலை நிறுத்துவதும், கொலஸ்ட்ரோல் குளிசையும், இரத்தம் கட்டிபடாமல் டொக்டர் தரும் அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரல் குளிசையும், நடையும்தான் வைத்தியம். வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கவேண்டும்: கிழமைக்கு 3 நாளாவது, 30 முதல் 45 நிமிடம், 12 கிழமை. “அடைப்பைக் கரைக்கும்” சேலைனுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஆறாத புண்ணோ, கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப்போட்டால்தான் அடங்கும் இரவு வலியோ இருந்தால் அஞ்சியோபிளாஸ்டியோ (பலூனால் நாடியை விரிப்பது) பைபாஸோ (அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடும் ஒபரேஷன்) தேவைப்படலாம், தாமதிக்கவேண்டாம்.

கால் திடீரென வெளிறி, குளிர்ந்து, விறைத்து, விரல் அசையாமல் போனால் உருவாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். காலைக் காப்பாற்ற இருப்பது சில மணித்தியாலம்தான். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.