ரோட்டோரக் கூலிங் கிளாஸா, கடை ஜீரோ பவரா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போகிற தம்பி கேட்டான்: "அண்ணா, பவர் இல்லாத கண்ணாடி போட்டா கண்ணு கெட்டுடுமா?" கெடாது. அதனால் பவர் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. எதை வாங்குவது என்பதில்தான் விஷயம்.

விலை: ரோட்டோரத்தில் நூறு ரூபாய்ச் சொச்சம். ஆப்டிகல்ஸில் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த ஜீரோ பவர் அதற்குப் பல மடங்கு.

வெயில்: இங்கேதான் ஏமாறுகிறோம். கறுப்பு நிறம் மட்டுமே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. கண்ணாடிக்குப் பின்னால் இருட்டாக இருப்பதால் கண் பாப்பா விரியும். தடுப்பு இல்லையென்றால் கதிர் கூடுதலாகவே உள்ளே போகலாம். பாலிகார்பனேட் நிறமே இல்லாமல் பெரும்பகுதியைத் தடுக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று சொல்லும் 'யுவி 400' ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். கடையில் அந்தக் கதிரை அளக்கும் மீட்டர் இருந்தால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பார்வை: கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடி வழியே கதவு விளிம்பைப் பாருங்கள். அசைக்கும்போது கோடு நெளிந்தால் வேண்டாம், தலைவலி வரும். மலிவுச் சரக்கில் இது அதிகம்.

உழைப்பு: கல் தெறித்தாலும் பாலிகார்பனேட் எளிதில் நொறுங்காது. ஆனால் கீறல் விழும், சட்டையால் துடைக்காதீர்கள்.

தினமும் நெடுஞ்சாலை என்றால் கடைதான். கல்யாண போட்டோவுக்கு ரோட்டோரம் போதும். தூரத்து பஸ் போர்டே மங்கலாகத் தெரிகிறதா? இரண்டும் வேண்டாம், முதலில் கண் பரிசோதனை.