ஆடிட்டர் அலுவலக வேலையோடு ஓர் இணையவழி எம்பிஏ: பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதிமூன்று ஆண்டுகள் கணக்கு எழுதிய பிறகு, 2021 அக்டோபரில், என் முப்பத்தைந்தாம் வயதில் இணையவழி எம்பிஏ படிப்பில் சேர்ந்தேன். நான்கு பருவங்களையும் 2023 ஆகஸ்டில் முடித்தேன். பட்டச் சான்றிதழ் 2024 தொடக்கத்தில் கைக்கு வந்தது. படித்துக்கொண்டிருந்த காலத்தில் இதை எழுதியிருந்தால் காணொளிகளின் தரம், செயலியின் வேகம், ஆசிரியர்களின் உச்சரிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இன்று அவற்றில் பாதி நினைவிலேயே இல்லை. மறக்காமல் நிற்பது தேர்வு அட்டவணைதான்.

சேர்வதற்கு முன் நான் தெளிவுபடுத்திக்கொண்ட முதல் விஷயம், எங்கள் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்துக் 'கரஸ்' என்று சொல்லிவிடுகிற படிப்புகளில் இரண்டு வகை உண்டு என்பது. தொலைநிலைக் கல்வி ஒன்று. இணையவழிக் கல்வி மற்றொன்று. இரண்டுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஒரே ஒழுங்குமுறைதான் அடிப்படை என்றாலும், நடைமுறை வேறு. தொலைநிலைப் படிப்பில் அச்சிட்ட பாடநூல், வார இறுதித் தொடர்பு வகுப்பு, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வு என்ற பழைய அமைப்பு இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்சி எல்லைக்கு வெளியே அதை நடத்த முடியாது. இணையவழிப் படிப்புக்கு அந்த எல்லை இல்லை. ஆகவேதான் ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் என்னால் சேர முடிந்தது. அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. நான் பட்ட சிரமங்களில் பெரும்பகுதி இந்த முறைக்கே உரியவை.

அங்கீகாரத்தைப் பார்க்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 'யுஜிசி அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்ற விளம்பர வரி போதாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் (சுருக்கமாக 'டெப்') இணையதளத்தில் உள்ள பட்டியல், எந்த நிறுவனம், எந்தப் படிப்பு, எந்தக் கல்விப் பருவம் என்று தனித்தனியாகச் சொல்கிறது. பிபிஏவுக்கு அனுமதி இருக்கும், எம்பிஏவுக்கு இருக்காது. சென்ற ஆண்டு இருந்திருக்கும். இந்தப் பருவத்துக்கு இருக்காது. பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் ஆகியவற்றை இணையவழியில் பட்டமாக வழங்கவே அனுமதி இல்லை என்பதால், அவற்றை யார் விற்றாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். இப்போது சேர்பவர்கள் டெப் ஐடி என்ற எண்ணைத் தாங்களே உருவாக்கிக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும். என் காலத்தில் அது இல்லை. தமிழ்நாடு அரசு வேலையோ பதவி உயர்வோ குறியாக இருந்தால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை குலையாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொலைபேசி அழைப்புகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த அனுபவம் முழுமையாகாது. படிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்தில் ஒரு முறை எண்ணைக் கொடுத்தேன். அன்று மாலைக்குள் ஆறு பேர் அழைத்துவிட்டார்கள். எல்லோரும் 'கவுன்சலர்'கள். 'இன்றைக்குள் சேர்ந்தால் கட்டணத்தில் இருபது விழுக்காடு தள்ளுபடி' என்றார் ஒருவர். அந்த 'இன்று' மூன்று வாரம் நீடித்தது. இவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர்கள் அல்லர், சேர்க்கைக்குத் தரகு பெறும் நிறுவனங்களின் ஆட்கள். பல்கலைக்கழகம் தன் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் படிப்பைப் பிறர் நடத்தும் ஏற்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று யுஜிசி 2022 தொடக்கத்தில் எச்சரித்ததும் இந்தச் சந்தையை மனத்தில் வைத்துத்தான். வட்டியில்லாத் தவணை என்று எனக்கு அனுப்பிய தாளை, கணக்கு எழுதுகிறவள் என்பதால், இரண்டாம் பக்கம் வரை படித்தேன். அது தவணை வசதியே அல்ல. ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து என் பெயரில் வாங்கப்படும் தனிநபர் கடன். நடுவில் படிப்பை விட்டாலும் கடன் அப்படியே இருக்கும். சேமிப்பில் இருந்து பருவத்துக்குப் பருவம் கட்டுவது என்று முடிவு செய்தேன். நான்கு பருவத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் ஆயிற்று.

இவ்வளவு விவரமாகப் பார்த்த நான், சென்ற ஆண்டு தேர்வுகள் எந்தத் தேதிகளில் நடந்தன என்று கேட்கவில்லை.

ஆடிட்டர் அலுவலகத்துக்குத் தனி நாட்காட்டி உண்டு. மாதத்தில் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, அதாவது விற்பனை விவரப் படிவம். 20ஆம் தேதி 3பி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டி படிவம். நான் படித்த காலத்தில் ஜூலை 31 தணிக்கை தேவைப்படாதவர்களின் வருமான வரிப் படிவம். செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கை. அக்டோபருக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம் என்ற கணக்கில்தான் அக்டோபரில் சேர்ந்தேன். ஆனால் அந்த ஆண்டு கொரோனாவையும் புதிய வருமான வரித் தளத்தின் கோளாறுகளையும் முன்னிட்டு, தணிக்கை அறிக்கையின் கடைசி நாள் அக்டோபர் 31 ஆகி, ஜனவரி 15 ஆகி, கடைசியில் 2022 பிப்ரவரி 15 ஆயிற்று. என் முதல் பருவத் தேர்வு பிப்ரவரி 9 அன்று தொடங்கியது. கடைசி நாளைத் தள்ளி வைத்தால் கட்சிக்காரர்களும் கணக்குப் புத்தகத்தைத் தள்ளித்தான் கொண்டுவருவார்கள். பகலில் மஞ்சள் மண்டிக்காரர் ஒருவரின் சரக்கு இருப்பைச் சரிபார்த்துவிட்டு, இரவு எட்டு மணிக்குப் புள்ளியியல் தேர்வு எழுதினேன். இரண்டாம் பருவத் தேர்வு ஜூலைக் கடைசி வாரத்தில் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 31 தள்ளி வைக்கப்படவே இல்லை. புள்ளியியலை முதல் முறை தவறவிட்டு மறுமுறை எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அகமதிப்பீட்டுக்கு 30 விழுக்காடுக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. மீதி 70 பருவ இறுதித் தேர்வுக்குப் போகிறது. வாரந்தோறும் ஒழுங்காக அசைன்மென்ட் கொடுத்துக் கரையேறிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். தேர்வு நடக்கும் பத்து நாட்களில் விடுப்பு கிடைக்குமா, வேலை உச்சத்தில் இருக்குமா என்பதே படிப்பின் முடிவைத் தீர்மானிக்கிறது. பள்ளி ஆசிரியருக்கு மார்ச், ஏப்ரல். துணிக்கடையில் வேலை செய்பவருக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதம். எங்களுக்கு ஜூலையும் செப்டம்பரும். ஜனவரிச் சேர்க்கை, ஜூலைச் சேர்க்கை இரண்டில் எதை எடுத்தால் எந்தத் தேர்வு எந்த மாதத்தில் விழும் என்று நான்கு பருவத்துக்கும் போட்டுப் பார்த்திருந்தால், வேறொரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்திருப்பேன்.

தேர்வை வீட்டிலிருந்து எழுதலாம் என்பது சேரும்போது பெரிய வசதியாகத் தெரிந்தது. மடிக்கணினியின் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒலியையும் பதிவு செய்யும். எனக்குக் கணக்குப் போடும்போது உதடு அசையும் பழக்கம் உண்டு. முதல் தேர்விலேயே 'யாரிடமோ பேசுகிறீர்கள்' என்று மூன்று எச்சரிக்கை வந்தது. இரண்டாம் பருவத்தில் ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோவிலின் ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. அந்தத் தாளின் முடிவை நிறுத்தி வைத்து, விளக்கம் கேட்டு, பதினெட்டு நாள் கழித்துத்தான் வெளியிட்டார்கள். மூன்றாம் பருவத்திலிருந்து கதவை அடைத்துக்கொள்ள ஓர் அறை கிடைப்பதால் அலுவலகத்திலேயே இருந்து எழுதினேன். எங்கள் ஆடிட்டர் சார் பெருந்தன்மையோடு சாவியைக் கொடுத்தார்.

இதற்கு நேர்மாறான அமைப்பையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் கணினிப் பொறுப்பில் இருந்த தம்பி சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தான். அங்கே பாடம் இணையத்தில். தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். முதல் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால்தான் சேர்க்கையே. இடையில் நிறுத்தினாலும் முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ கையில் வரும். காலையில் பேருந்து பிடித்து, மதியம் தேர்வு எழுதி, இரவு வந்து சேர்வதை ஒரு சுமையாக நினைத்து நான் அப்போது பரிதாபப்பட்டேன். பதினெட்டு நாள் முடிவுக்குக் காத்திருந்தபோது என் எண்ணம் மாறிவிட்டது. அவன் விடைத்தாளை யாரும் சந்தேகப்படவில்லை.

நேரலை வகுப்புகள் சனி, ஞாயிறு மாலைகளில் நடந்தன. பாடமொழி ஆங்கிலம் என்று கையேட்டில் இருந்தது. ஆனால் விவாதம் சூடுபிடித்ததும் ஆசிரியரும் வடமாநில மாணவர்களும் இந்திக்குப் போய்விடுவார்கள். நாங்கள் தெற்கிலிருந்து நான்கு பேர், அரட்டைப் பெட்டியில் கேள்வியை எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்போம். சேருவதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்கள்கூட இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாதிரி வகுப்பில் எல்லோரும் ஒழுங்காக ஆங்கிலம் பேசுவார்கள். படித்து முடித்த ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுவதற்கு ஈடான வழி எனக்குத் தெரியவில்லை.

படித்ததில் என்ன மிஞ்சியது என்றால், ஒரு பாடத்தைத் தயங்காமல் சொல்வேன்: நடைமுறை மூலதன மேலாண்மை, அதாவது தொழிலின் அன்றாடச் சுழற்சிக்கான பணத்தைக் கையாள்வது. ஆண்டுக்கணக்காக விசைத்தறிக்காரர்களின் இருப்புநிலைக் குறிப்பைத் தயாரித்திருக்கிறேன். கடனாளிகள் தொகை ஒரு வரி, கடனீந்தோர் தொகை ஒரு வரி, அவ்வளவுதான். அந்தப் பாடத்துக்கான திட்ட அறிக்கைக்காக ஒரு கட்சிக்காரரின் கணக்கை நாட்களாக மாற்றிப் பார்த்தேன். விற்ற துணிக்குப் பணம் வர 110 நாள் ஆகிறது. நூல் கடைக்கு 30 நாளில் கொடுத்துவிடுகிறார். நடுவில் உள்ள 80 நாளையும் வங்கியின் ஓவர்டிராஃப்ட் கடன்தான் சுமக்கிறது. லாபம் இருந்தும் கையில் காசு ஏன் நிற்பதில்லை என்று அவர் வருடா வருடம் கேட்ட கேள்விக்குப் பதில், நானே தட்டச்சு செய்த தாளிலேயே இருந்திருக்கிறது. பின்னர் 2023–24 நிதியாண்டு முதல், சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளைத் தாண்டிக் கொடுக்கும் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்ற, வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு நடைமுறைக்கு வந்தபோது, இந்த நாள் கணக்கை எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் போட வேண்டியதாயிற்று. சந்தையியலும் நிறுவன நடத்தையும் வந்த வழியே போய்விட்டன.

பட்டத்தின் பயனைப் பற்றி. 2024 ஜூனில் பெருந்துறை சிப்காட்டில் ஒரு சாயப்பட்டறை நிறுவனத்தின் நிதிப் பிரிவில் சேர்ந்தேன். சம்பளம் பழையதைப் போல ஒன்றரை மடங்கு. இதை முழுக்க எம்பிஏவின் கணக்கில் வரவு வைப்பது சரியல்ல. நேர்காணலில் கேட்டதெல்லாம் வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு அறிக்கை, கடனுக்காக வங்கி கேட்கும் சிஎம்ஏ தரவு, ஜிஎஸ்டி திரும்பப்பெறுதல் ஆகியவை. மூன்றும் ஆடிட்டர் அலுவலகம் கற்றுக்கொடுத்தவை. முதுநிலைப் பட்டம் என்ற கட்டத்தில் ஒரு குறி இல்லாவிட்டால் விண்ணப்பம் அந்த மேசைக்கே போயிருக்காது. அந்தக் குறிக்குத்தான் நான் பணம் கட்டினேன். 'ரெகுலரா?' என்று மனிதவளப் பிரிவில் கேட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் இணையவழிப் பட்டமும் வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிவிப்பின் நகலை எடுத்துப் போயிருந்தேன். வாங்கிப் பார்த்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். எல்லா நிறுவனங்களும் அப்படி இருப்பதில்லை. அதற்கு முன் ஓரிடத்தில் இணையவழி என்றதுமே பேச்சு முடிந்துவிட்டது.

இப்போது சித்தி மகள், ஒரு தனியார் வங்கியில் வேலை செய்பவள், இணையவழி எம்காம் சேர்வதற்கு மூன்று பல்கலைக்கழகங்களை எழுதிக்கொண்டு வந்து, 'எது நல்லதுக்கா?' என்று கேட்டாள். மூன்றிடமும் கடந்த இரண்டு ஆண்டுத் தேர்வு அட்டவணையைக் கேட்டு வாங்கிவரச் சொன்னேன். ஒரு பல்கலைக்கழகம் மறுநாளே அனுப்பிவிட்டது. அதில் ஒரு பருவத் தேர்வு மார்ச் 20க்குப் பிறகு தொடங்குகிறது, வங்கிக்காரர்கள் யாரும் அந்த வாரத்தில் விடுப்பு கேட்க முடியாது. இன்னொன்றின் கவுன்சலர், 'மேடம், முதலில் சீட்டை உறுதி செய்யுங்கள், அட்டவணை பிறகு வரும்' என்றாராம். மூன்றாவதிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவள் காத்திருக்கிறாள்.