சொதியா, கூட்டாஞ்சோறா?

காய் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைக்குத் திருநெல்வேலிச் சமையலில் இரண்டு வழி உண்டு. கூட்டாஞ்சோற்றில் கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் அரிசி பருப்போடு குழைந்துவிடும். பொறுக்கி ஒதுக்குவது லேசில்லை. ஆனால் எந்தக் காயின் ருசியும் பிள்ளைக்குத் தனியாகப் பிடிபடாது.

சொதி அப்படியில்லை. தேங்காய்ப்பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் தனித்தனியாகத் தெரியும். காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும்தான், பிள்ளைக்காகக் குறைத்துக்கொள்ளலாம். பாலின் இனிப்பு காயின் பச்சை வாசத்தை அடக்கிவிடும். முருங்கைக்காயைக் கையில் எடுத்துச் சப்புவதே சின்னவர்களுக்குக் கொண்டாட்டம். முதல் நாள் பீன்ஸை ஒதுக்கினால் திட்டாதீர்கள். புதுக் காய் பழக 10 தடவைகூட ஆகும். என் ஓட்டு சொதிக்கே. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ் கேட்பார்கள். சரி, நாலு வையுங்கள்.