கொழிஞ்சாம்பாறை சிறுபிராணி மருத்துவமனை: மருத்துவர்களை அறிந்து போகலாம்

நாய், பூனைக்கென்று தனி மருத்துவமனை வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ போக வேண்டும் என்றிருந்த நிலையை, கேரளத்தின் தமிழக எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி சாலையை ஒட்டி நடக்கும் இந்தச் சிறிய மருத்துவமனை பெருமளவு மாற்றியிருக்கிறது. கட்டடம் பழையது, கருவிகளும் அதிகமில்லை. இருந்தும் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அங்கே பணியாற்றும் மூன்று மருத்துவர்களே. இங்கு வருவதற்கு முன் எங்கே, எந்த விலங்குகளோடு காலம் கழித்தார்கள் என்பது அவர்களுடைய சிகிச்சையில் தெளிவாகத் தெரிகிறது. காத்திருக்கும் திண்ணைக்கு மேல் மாட்டியிருக்கும் பலகையில் ஒவ்வொருவரின் பட்டமும், படித்த கல்லூரியும், மாநிலக் கால்நடை மருத்துவ மன்றப் பதிவு எண்ணும் எழுதப்பட்டுள்ளன. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பதிவை வலியுறுத்துவதால், எந்த மருத்துவமனைக்குள் நுழைந்தாலும் முதலில் அந்த எண்ணைத் தேடுவது நல்லது. ஊசி போடத் தெரிந்தவரெல்லாம் டாக்டராகிவிடும் எல்லையோரத்தில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பலகையில் இல்லாதவற்றை அவர்களே வேலைக்கு நடுவே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மூத்தவர் கொழிஞ்சாம்பாறை அடங்கிய இந்தச் சித்தூர் தாலுகாக்காரர். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுத் திருச்சூருக்கு அருகே மண்ணுத்தியில், 1955இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர். பின்னர் கேரளக் கால்நடைத் துறையில் சேர்ந்து, அட்டப்பாடியின் கறுப்பு ஆடுகளையும் மறையூர்ச் சரிவுகளின் மாடுகளையும் பார்த்துவிட்டு, கடைசியில் சொந்தத் தாலுகாவின் மிருகாஸ்பத்திரியிலேயே ஓய்வு பெற்றார். 2013க்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குக் கேரளத்தில் 56 வயதிலேயே ஓய்வு என்பதால், கை நன்றாகத் தேறியிருக்கும் காலத்திலேயே ஒரு மருத்துவரைத் துறை இழந்துவிடுகிறது. அந்த இழப்பு நமக்கு லாபமாகியிருக்கிறது. மாறிக் கிடக்கும் கன்றைத் திருப்பி எடுக்கப் பசுவின் கருப்பைக்குள் தோள்வரை கையை விட்டு உழைத்த நள்ளிரவுகள் அவருடைய வலது தோளில் தீராத வலியை விட்டுச் சென்றிருக்கின்றன. கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் விழுந்து கிடக்கும் பசுவுக்கு, கால்சியக் குறைவால் வரும் பால் காய்ச்சல் என்று அறிந்து கால்சியத்தை நரம்பில் ஏற்றும்போது, மருந்து வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடலாம் என்பதால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே ஏற்ற வேண்டுமாம். தொழுவத்தில் ஆய்வகமும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. அங்கே பழகிய மனிதர் நாயை மேசையில் ஏற்றியதும் தாளை எடுப்பதில்லை. உதட்டைத் தூக்கி ஈற்றின் நிறத்தைப் பார்க்கிறார், விரலால் அழுத்திவிட்டு இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று கவனிக்கிறார், கழுத்துத் தோலை இழுத்து நீர்ச்சத்துக் குறைந்திருக்கிறதா என்று சோதிக்கிறார், பிறகுதான் பேசத் தொடங்குகிறார். சிறுபிராணி மருத்துவமனை என்று பெயர்ப்பலகை இருந்தாலும் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும் மூதாட்டிகளை அவர் திருப்பி அனுப்புவதில்லை. “எப்ப இருந்துங்கம்மா தீனி எடுக்கல?” என்று அவர் கேட்க, “நேத்துப் பொழுதோட இருந்துங்க டாக்டரே” என்று பதில் வரும். பின்னால் நாயோடு வரிசையில் நிற்கும் நமக்கு அந்த உரையாடல் கொஞ்சம் நீளமாகத்தான் தோன்றும்.

எங்கள் வீட்டு நாய் தின்னாமல் சுருண்டு கிடந்தபோது வெளுத்திருந்த ஈற்றைப் பார்த்துவிட்டு, இன்றே இரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இவர்தான். சோதித்தவர் இரண்டாமவரான டாக்டரம்மா. கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல் என்று முடிவு செய்து டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாளுக்கு எழுதிக் கொடுத்து, நாய் இரண்டே நாளில் துள்ளத் தொடங்கினாலும் நடுவில் நிறுத்தக்கூடாது என்றும், வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது என்றும் இரண்டு முறை சொன்னார். அதோடு விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நாய் எங்கே படுக்கிறது, சுவர் பூசியதா பூசாததா, வேறு எந்தப் பிராணி அங்கே கட்டப்படுகிறது என்று ஒரு விசாரணையே நடத்தினார். நாய் உண்ணி உடம்பில் இருக்கும் நேரம் குறைவு, வயிறு நிறைய இரத்தம் குடித்ததும் இறங்கிச் சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் அடுத்த மாதம் இதே மேசைக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்று விளக்கினார். சுவருக்கும் மருந்து அடித்தோம்.

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்பது அவருடைய வரலாற்றைக் கேட்டபோது விளங்கியது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயக் குடும்பத்தில் பிறந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நாமக்கல்லில் முட்டைப் பண்ணைகளும் பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணைகளும் நிறைந்திருப்பதால் அங்கே படித்து வெளிவருபவர்களில் பலருக்குக் கோழியிடம்தான் முதல் வேலை அமைகிறது. இவருக்கும் அப்படியே. காலையில் ஒரு கொட்டகையில் செத்த கோழியை அறுத்துப் பார்த்து, மற்றவை ஏன் சாகவில்லை, இனி எவை சாகும் என்று யோசிப்பதுதான் அந்த வேலை. ஒற்றை நோயாளியைப் பார்க்கும்போதும் அது வாழும் இடத்தைக் கேட்கும் பழக்கம் அங்கே வந்தது. ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்குள் போகுமுன் செருப்பைக் கிருமிநாசினியில் நனைத்து, உடை மாற்றிக்கொண்டு நுழைந்த ஒழுங்கும் கூடவே வந்திருக்கிறது. இரத்தக் கழிச்சலோடு வரும் குட்டிகளை இங்கே திண்ணையில் ஏற்றுவதில்லை, பின்பக்கத் தனியறைக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும் என்பதாலும், சாதாரணச் சோப்புத் தண்ணீருக்குச் சாகாது என்பதாலும், மேசையையும் தரையையும் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீரால் துடைக்கிறார்கள். தடுப்பூசிக்குக் கொண்டுபோன குட்டி அங்கேயே நோயை வாங்கிக்கொண்டு வந்த கதைகளைக் கேட்டிருக்கும் எனக்கு, இதுவே இந்த இடத்தின் மிகப் பெரிய சிறப்பாகத் தோன்றுகிறது. அவரிடம் குறையென்று சொன்னால் சோதனை எழுதுவதில் கை தாராளம். மூத்தவர் கையால் அறிவதை இவர் இரத்தத்தில் உறுதிசெய்துகொள்ள விரும்புகிறார். இருவரும் ஒரே நாளில் இருந்தால் பணம் மிச்சமாகிறது.

மூன்றாமவர் வயநாட்டுப் பூக்கோட்டில் ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்து வந்த மலையாளி இளைஞர். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கும் இடம் கேரளத்தில் நீட் மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கிறது, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் இங்கே வந்தவன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லிக்கொள்கிறார். அரசின் இரவு நேர அவசர சிகிச்சைத் திட்டத்தில் ஒப்பந்த ஊழியராகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது அரசு வேலைக்கான கேரளப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) தேர்வுக்குப் படித்துக்கொண்டே மாலை நேரங்களில் வருகிறார். பூனைகளை இவரிடம்தான் காட்ட வேண்டும். கூடையிலிருந்து இழுத்து எடுக்காமல் மேல்மூடியைக் கழற்றி, துண்டைப் போர்த்தி, அது இருக்கும் இடத்திலேயே பார்க்கிறார். காய்ச்சலென்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும் என்பதைப் பூனையோடு வரும் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொல்கிறார். முன்கையெல்லாம் கீறல் தழும்புகள். படிக்கும்போதே ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொண்டது பற்றியும், இருந்தும் ஒரு கடி பட்டால் மீண்டும் ஊசிக்கு ஓட வேண்டியிருப்பது பற்றியும் அவர் பேசுவதைக் கேட்டால், நாயைக் கட்டாமல் கொண்டுவருபவர்கள் கொஞ்சம் வெட்கப்படுவார்கள்.

குறைகளில் முதலாவது, நாய்களும் பூனைகளும் ஒரே திண்ணையில் காத்திருப்பது. உள்ளே இத்தனை பக்குவமாகக் கையாளும் மருத்துவர்கள் வெளியே தகரக் கூரையின் கீழ் பூனை நடுங்குவதைக் கவனிக்காதது வியப்பு. டோக்கன் முறை காலையில் மட்டுமே ஒழுங்காக நடக்கிறது. ஸ்கேன் கிடையாது. எலும்பு முறிவுக்கும் பெரிய அறுவைக்கும் மண்ணுத்திப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாலக்காடு–திருச்சூர் சாலையின் குதிரான் சுரங்கப்பாதை 2021இல் திறந்த பிறகு அந்தப் பயணம் முன்போல் வதைப்பதில்லை. தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் லேபிளை ஒட்டி, தொகுதி எண்ணும் பதிவு எண்ணும் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள் என்பதால், நாய் உரிமத்துக்குப் பஞ்சாயத்தில் அதைக் காட்டியபோது ஒரு கேள்வியும் எழவில்லை.

இரவு எட்டு மணிக்குக் கதவு பூட்டப்படும். அதற்குப் பின் வருபவர்களுக்காக நடமாடும் கால்நடை மருத்துவப் பிரிவின் 1962 என்ற எண்ணை வெளியே எழுதி வைத்திருக்கிறார்கள். இளையவர் எந்த நாட்களில் இருப்பார் என்பது தேர்வைப் பொறுத்து மாறுவதால், பூனையைக் கூடையில் போடுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.