அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய நான்கு வருடங்கள்

கண் நீரழுத்த நோயால் அம்மாவின் பார்வை மங்கியபோது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். நான்கு வருடமாகிறது. எத்தனையோ புத்தகங்களை எடுத்துப் பாதியில் வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்பக் கையில் எடுப்பவை சிரிப்புக் கதைகள், மனசுக்கு இதமானவை, துப்பறியும் கதைகள் ஆகிய மூன்று வகைதான். கண்ணால் படிக்கும்போது தெரியாத பல விஷயங்கள் வாய்விட்டுப் படிக்கும்போது தெரிகின்றன.

அம்மாவுக்கு முதல் இடம் தேவனின் 'துப்பறியும் சாம்பு'தான். 1942இல் ஆனந்த விகடனில் வரத் தொடங்கிய கதைகள். வங்கி குமாஸ்தாவாக இருந்து வேலை போன அசட்டுச் சாம்பு, தற்செயலாக எதையாவது உளறுவான், எங்காவது தடுக்கி விழுவான்; திருடன் பிடிபடுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதைப் பெரிய யுக்தி என்று நினைத்து மலைத்துப்போவார். சாம்புவைத் தேவன் எங்கேயும் மட்டம் தட்டுவதில்லை, அவன்மேல் அவருக்கு அவ்வளவு வாஞ்சை. உரையாடலை வாசிக்கும்போது குரலை நான் மாற்றவே வேண்டாம், ஆளுக்கு ஆள் தானாக மாறிக்கொள்கிறது. ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். எல்லாக் கதைக்கும் அச்சு ஒன்றுதான் என்பதால் அடுத்தடுத்துப் படித்தால் சலித்துவிடும். வாரம் இரண்டு கதை போதும்.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வேறு மாதிரி. பேயா, விஞ்ஞானமா என்று வக்கீல் கணேஷும் அவரது ஜூனியர் வசந்தும் மல்லுக்கட்டும் நாவல். குமுதத்தில் தொடராக வந்ததால் ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டு நிற்கும். "அப்புறம் என்னடா ஆச்சு?" என்று அம்மா என்னை விடவே மாட்டார். அரைமணி நேரம் என்று உட்கார்ந்தது நள்ளிரவைத் தாண்டியது. அதோடு மர்மக் கதைகளை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாற்றிவிட்டேன். வசந்தின் சில பேச்சுகளை அம்மாவிடம் வாசிக்கக் கூச்சமாக இருந்தது. தாண்டிப் போனால் கண்டுபிடித்துவிடுவார்: "ஏன் முழுங்கறே? படி." முடிவு தெரிந்த பிறகும் இரண்டு முறை கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த இருவரின் பேச்சுத்துணைதான் என்று நினைக்கிறேன்.

இதமான புத்தகம் என்று நம்பி எடுத்தது அதே சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. அம்மா லால்குடிக்காரர், கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். சிரிக்க வைத்துக்கொண்டே வந்து கடைசிப் பத்தியில் தொண்டையை அடைக்கும் கதைகள் அதில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் அம்மா பேசாமல் இருப்பார். நானும் அடுத்த கதைக்குப் போக மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அவர் தெருவில் இருந்த யாரையாவது பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். எனக்குத் தெரியாத சித்தப்பாக்கள், பள்ளிக்கூட வாத்தியார், மாட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்தக் கதைகள்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நான் வாங்கிய ஒரு பதிப்பு ஒரே வருடத்தில் தாள் தாளாகக் கழன்றது. இன்னொன்றில் பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழை. மனசுக்குள் படித்தால் கண் திருத்திக்கொள்ளும், வாய்விட்டுப் படித்தால் நாக்கு இடறுகிறது. வாங்குமுன் நடுப்பக்கத்தை விரித்துத் தையலையும் எழுத்தின் அளவையும் பாருங்கள்.

போன வாரம் சாம்புவை மூன்றாவது முறையாகத் தொடங்கியிருக்கிறோம். நான் பக்கத்தைப் புரட்டுவதற்குள் அம்மா அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.